கழுத்து ஏன் திரும்பியிருக்கிறது? இலக்கிய நரகங்களில் பாவம், தண்டனை, நீதி

ஒரு கூட்டம் அழுதுகொண்டே நடந்து வருகிறது. பேச்சில்லை, மெதுவான நடை. கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது: ஒவ்வொருவருக்கும் கழுத்து முறுக்கப்பட்டு, முகம் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கிறது. முன்னால் பார்க்க வழியில்லாததால் பின்பக்கமாகவே நடக்கிறார்கள். கண்ணீர் மார்பில் விழாமல் முதுகு வழியாக இறங்கிப் பிட்டத்தை நனைக்கிறது.

இத்தாலியக் கவிஞர் தாந்தே எழுதிய 'டிவைன் காமெடி'யின் முதல் பாகம் 'இன்ஃபெர்னோ'. தானே நரகத்துக்குள் நடந்து போய்ப் பார்த்ததாகத் தாந்தே அதில் சொல்கிறார். அதன் 20ஆம் காண்டத்தில் வருகிற காட்சி இது. நடந்து வருகிறவர்கள் யார் என்றால், உயிரோடிருந்த காலத்தில் குறி சொன்னவர்கள், நாளை நடக்கப்போவதை இன்றே பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டவர்கள். அளவுக்கு மீறி முன்னால் பார்க்க ஆசைப்பட்டவனுக்கு இனி என்றைக்கும் பின்னால் மட்டும்தான் பார்வை.

வெறும் வலிதான் நோக்கம் என்றால் எல்லோரையும் ஒரே நெருப்பில் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். எண்ணெய்க் கொப்பரைப் படத்தைப் பார்த்துப் பயந்த வயதில் நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்: நரகம் என்றால் ரொம்ப வலிக்கும் இடம். ஆனால் நரகத்தை எழுதிய நல்ல எழுத்தாளர்கள் வலியில் காட்டிய அக்கறையைவிடப் பொருத்தத்தில் காட்டிய அக்கறை அதிகம். இந்தப் பாவத்துக்கு ஏன் இந்தத் தண்டனை? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் நரக இலக்கியத்துக்குள் நுழைய வழி கிடைத்துவிடும்.

இந்தப் பொருத்தத்துக்கு ஒரு பெயர் உண்டு. 28ஆம் காண்டத்தில் தலையில்லாத உடல் ஒன்று நடந்து வருகிறது. வெட்டுப்பட்ட தன் தலையைத் தலைமுடியைப் பிடித்து லாந்தர் விளக்கைப்போல ஆட்டிக்கொண்டே வருகிறது. தாந்தேயின் அருகில் வந்ததும், தான் பேசுவது காதில் விழட்டும் என்று அந்தத் தலையைக் கையோடு உயர்த்திக் காட்டுகிறது. அவன் பெயர் பெர்த்ரான் தெ போர்ன், 12ஆம் நூற்றாண்டுக் கவிஞன். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவர் மகனையே தூண்டிவிட்டான் என்பது அவன்மேல் உள்ள குற்றச்சாட்டு. சேர்ந்திருந்த இருவரைப் பிரித்தேன், அதனால் என் மூளையை உடம்பிலிருந்து பிரித்துச் சுமக்கிறேன் என்று அவனே விளக்கிவிட்டுக் கடைசி வரியில் ஒரு சொல்லைச் சொல்கிறான்: 'கோன்ட்ராபாஸோ'. எதிர்வினை, பதிலுக்குப் படுதல் என்று சொல்லலாம். டிவைன் காமெடி முழுவதிலும் இந்தச் சொல் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அதைத் தாந்தேயோ அவருக்கு வழிகாட்டியாக வரும் ரோமானியக் கவிஞர் வர்ஜிலோ சொல்லவில்லை. தண்டனை அனுபவிக்கிறவன்தான் சொல்கிறான்.

இதில் ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. அந்தச் சொல் தாந்தேக்கு அரிஸ்டாட்டிலின் லத்தீன் மொழிபெயர்ப்பு வழியாக, தாமஸ் அக்வினாஸ் போன்ற கிறிஸ்தவ இறையியலாளர்களின் எழுத்திலிருந்து வந்தது. ஆனால் அரிஸ்டாட்டில் அதை ஆதரித்து எழுதவில்லை. செய்ததையே திரும்பப் படுவதுதான் நீதி என்று பித்தகோரஸின் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள், அது போதாது என்கிறார். அவர் தரும் உதாரணம் எளிமையானது. பொறுப்பில் இருக்கும் அதிகாரி யாரையாவது அடித்தால், அடிபட்டவன் திருப்பி அடிப்பது சரியாகாது. ஒருவன் அதிகாரியை அடித்தாலோ, ஒரு அடி திருப்பிக் கொடுப்பது போதாது. ஆக, கண்ணுக்குக் கண் என்ற கணக்கு நடைமுறையில் உடனே சிக்கலாகிவிடுகிறது.

தாந்தே செய்வதும் கண்ணுக்குக் கண் இல்லை. குறி சொன்னவன் யாருடைய கழுத்தையும் முறுக்கவில்லை. அவன் செய்ததற்குள் ஏற்கெனவே ஒரு கோணல் இருந்தது. அந்தக் கோணல் நரகத்தில் உடம்பாகிவிட்டது. தண்டனை என்பது பாவத்தைப் பற்றிய விளக்கவுரை மாதிரி.

சில இடங்களில் இந்த விளக்கவுரை தலைகீழாக வரும், குறி சொன்னவர்களுக்கு வந்ததுபோல. வாழ்நாளில் எந்தப் பக்கமும் சேராமல், நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவில் நழுவியே பிழைத்தவர்களுக்கும் அதே கதிதான். வாசலுக்குள் நுழைந்த உடனேயே அவர்கள் கண்ணில் படுகிறார்கள்: எங்கும் நிற்காமல் சுற்றும் ஒரு கொடியின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குளவிகளும் ஈக்களும் கொட்டிக்கொண்டே இருக்கும். எந்தக் கொடியின் பின்னாலும் போகாதவன் இனி ஒரு கொடியின் பின்னாலேயே ஓடுவான். வேறு சில இடங்களில் தலைகீழ் எதுவும் இல்லை, பாவம் அப்படியே தொடர்கிறது. ஆசையின் இழுப்புக்குப் போனவர்களைப் புயல் இழுத்துக்கொண்டே போகிறது. கோபக்காரர்கள் சேற்றில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறார்கள். எனக்குப் பயங்கரமாகத் தோன்றுவது இந்த இரண்டாவது வகைதான். அவர்களுக்குப் புதிதாக எதுவும் செய்யப்படவில்லை. அவர்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

இது தாந்தே கண்டுபிடித்ததும் இல்லை. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய, பேதுருவின் பெயரால் வழங்கும் ஒரு கிறிஸ்தவ நூலில், இறைவழியைப் பழித்தவர்கள் நாக்கினால் தொங்கவிடப்படுகிறார்கள். பாகவத புராணத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் 28 நரகங்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் பல இதே தர்க்கத்தில் அமைந்தவை. யாருக்கும் பங்கு கொடுக்காமல் தான் மட்டும் தின்றவன் கிருமிபோஜனம் என்ற நரகத்தில் புழுவாகிறான். அங்கே புழுக்களைத் தின்கிறான், புழுக்கள் அவனைத் தின்கின்றன. பிற உயிர்களை வதைத்தவன் ரௌரவத்துக்குப் போகிறான். அவன் வதைத்த அந்த உயிர்களே ருரு என்ற கொடிய பிராணிகளாக வந்து அவனை வதைக்கின்றன. பணத்தைப் பூதம்போலக் காத்து, யாரைப் பார்த்தாலும் சந்தேகப்பட்டவனுக்கு சூசீமுகம். அங்கே யமனின் ஆட்கள் அவன் உடம்பு முழுவதும் ஊசியால் நூல் கோத்துத் தைக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்காதவனின் உடம்பே தைத்த பையாகிவிடுகிறது என்று நான் வாசித்துக்கொள்கிறேன். நூல் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது இரண்டே அடியில் இருக்கிறது.

உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண
அண்ணாத்தல் செய்யாது அளறு.

திருக்குறள், புலால் மறுத்தல் அதிகாரம், 255ஆம் குறள். அளறு என்றால் சேறு. நரகத்துக்கும் அதுதான் சொல். அண்ணாத்தல் என்றால் வாய் திறத்தல். ஊன் தின்றவனை விழுங்கிய நரகம், அவனை வெளியே உமிழ்வதற்கு வாய் திறக்காது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. கொப்பரை இல்லை, ஈட்டி இல்லை, காவலாள்கூட இல்லை. ஒரு வாய் இன்னொரு உயிரைத் தின்றது. இப்போது அந்த வாய்க்காரனை இன்னொரு வாய் தின்றுவிட்டுத் திறக்க மறுக்கிறது. கோன்ட்ராபாஸோ என்ற சொல் தெரியாமலேயே அதன் உச்சத்தைத் தொட்ட குறள் இது.

சரி, பொருத்தம் புரிந்தது. அடுத்த கேள்வி, எந்தப் பாவம் பெரியது? நரகத்தை மாடி மாடியாகக் கட்டுகிற எழுத்தாளன் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தாந்தேயின் நரகம் பூமிக்குள் இறங்கும் புனல் வடிவம், ஒன்பது வட்டங்கள். கீழே போகப் போகக் குற்றம் கனமாகும். 11ஆம் காண்டத்தில், கீழிருந்து வரும் நாற்றம் தாங்க முடியாமல் தாந்தேயும் வர்ஜிலும் ஒரு கல்லறையின் பின்னால் ஒதுங்குகிறார்கள். மூக்கு பழகும் வரை சும்மா இருப்பானேன் என்று வர்ஜில் அங்கேயே பாடம் நடத்திவிடுகிறார். தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் செய்த பாவங்கள் மேலே. வன்முறை அதற்குக் கீழே. வஞ்சகம் அடியில்.

கொலைகாரனைவிட ஏமாற்றுக்காரன் ஏன் கீழே இருக்கிறான்? வர்ஜில் சொல்லும் காரணம்: வஞ்சகம் மனிதனுக்கே உரிய தீமை. பாய்வதும் கடிப்பதும் விலங்குக்கும் முடியும். பொய்யை யோசித்துக் கட்ட அறிவு வேண்டும். அறிவை வைத்து அறிவையே கெடுப்பதால் அது மிகக் கீழே. அதிலும் அடியாழத்தில், தன்னை நம்பியவனுக்கே துரோகம் செய்தவர்கள். அங்கே நெருப்பே கிடையாது, உறைந்த ஏரி. எல்லா உறவுச் சூட்டையும் அணைத்தவனுக்குப் பனிக்கட்டி. நடுவில் சாத்தானும் மார்பு வரை உறைந்து நிற்கிறான்; அவன் சிறகடிப்பதால் வரும் காற்றுதான் அந்த ஏரியை உறைய வைக்கிறது. தப்பிக்க அடிக்கும் சிறகே சிறையைக் கட்டுகிறது.

இந்த வரிசை தாந்தேயின் காலத்து வரிசை என்பதையும் மறக்கக் கூடாது. வட்டிக்குக் கொடுத்தவர்கள் கொலைகாரர்களைவிடக் கீழே, எரியும் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை, கழுத்தில் தொங்கும் பணப்பையின் சின்னம்தான் தெரிகிறது. அப்புறம், சொந்தக் கணக்கும் உண்டு. தாந்தே 1302இல் புளோரன்ஸ் நகரிலிருந்து நாடுகடத்தப்பட்டவர். அதற்குக் காரணமான அரசியல் மாற்றத்தின் பின்னால் போப் எட்டாம் போனிஃபேஸ் இருந்தார். கதை நடப்பது 1300ஆம் ஆண்டில், போனிஃபேஸ் உயிரோடு இருந்த ஆண்டு. உயிரோடிருப்பவரை நரகத்தில் போட முடியாதே! அதற்கும் தாந்தே வழி கண்டுபிடித்தார். திருச்சபைப் பதவிகளை விற்றவர்கள் பாறைத் துளைகளில் தலைகீழாகச் செருகப்பட்டு, பாதங்கள் எரிந்துகொண்டிருக்க, அதில் ஒருவராக இருக்கும் பழைய போப் மூன்றாம் நிக்கோலஸ் தாந்தேயின் குரல் கேட்டு, "அதற்குள் வந்துவிட்டாயா போனிஃபேஸ்?" என்று கேட்கிறார். இடம் முன்பதிவு ஆகிவிட்டது. படிக்கும்போது சிரிப்பு வரும், அடுத்த நிமிடம் நெருடும். இது நீதியா, பழிவாங்கலா? நரகத்தை எழுதுகிறவன் கையில் சட்டமும் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

தண்டனை எவ்வளவு காலம் என்பதில் மரபுகள் பெரிதாகப் பிரிகின்றன. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் கடைசியில், செத்துப் பிழைத்து வந்த ஏர் என்ற போர்வீரன் சொல்லும் கதையில் கணக்குத் துல்லியம்: ஒரு மனித ஆயுள் 100 ஆண்டு, ஒவ்வொரு குற்றத்துக்கும் பத்து மடங்கு, ஆக ஆயிரம் ஆண்டு. புராண நரகங்களும் தவணை உள்ளவைதான். வினை தீர்ந்தால் வெளியே வந்து மறுபடி பிறக்க வேண்டும். கிறிஸ்தவ மரபின் நரகத்திலோ கதவு திறப்பதில்லை. நொடியில் செய்த பாவத்துக்கு முடிவில்லாத தண்டனையா என்று அன்றே கேட்டார்கள். புனித அகுஸ்தீன் தன் 'கடவுளின் நகரம்' நூலின் 21ஆம் பகுதியில் பதில் சொல்கிறார்: எந்த நாட்டுச் சட்டமும் குற்றம் நடந்த நேரத்தை அளந்து அதே நேரத்துக்குத் தண்டனை தருவதில்லையே. வாதம் சரிதான். ஆனால் நீண்ட தண்டனைக்கும் முடிவில்லாத தண்டனைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை அது தாண்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே இருந்துதான் நரக இலக்கியம் உண்மையில் சூடுபிடிக்கிறது. தாந்தேயின் நரக வாசலில் எழுதியிருக்கிறது: என்னைப் படைத்தவனை இயக்கியது நீதி, என்னைக் கட்டியது தெய்வ வல்லமை, உயர்ந்த ஞானம், முதல் அன்பு. அன்பு கட்டிய நரகம்! அந்த வாசலைத் தாண்டிப் போகிற தாந்தே என்ற பாத்திரத்தால் அதை ஜீரணிக்க முடியவில்லை. புயலில் சுழலும் பிரான்செஸ்கா, காதலன் பாவோலோவுடன் ஒரு காதல் கதையைப் படித்துக்கொண்டிருந்தபோது முத்தமிட்டதைச் சொல்லி, அன்று அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை என்று முடிக்கிறாள். தாந்தே மயங்கி விழுகிறார். கழுத்து திரும்பியவர்களைப் பார்த்துப் பாறையில் சாய்ந்து அழுகிறார். இங்கே இரக்கம் செத்தால்தான் பக்தி வாழும் என்று வர்ஜில் திட்டுகிறார். இத்தனைக்கும் அந்த வர்ஜிலே நரகவாசிதான். கிறிஸ்துவுக்கு முன் பிறந்தது தவிர அவர்மேல் குற்றமில்லை. வலியில்லாத முதல் வட்டத்தில், நம்பிக்கையில்லாத ஏக்கத்தோடு இருக்கிறார்.

அந்தக் கேள்வி தாந்தேயை விடவே இல்லை. சொர்க்கத்தைப் பாடும் மூன்றாம் பாகத்தில், 19ஆம் காண்டத்தில், அது நேராகவே வருகிறது: சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல, படிக்க, எழுத அங்கே யாரும் இல்லை. அவன் எண்ணமும் செயலும் நல்லவை. ஞானஸ்நானம் பெறாமல் சாகிறான். அவனைத் தண்டிக்கும் நீதி எங்கே? அவன் குற்றம் என்ன? வந்த பதில், சாண் தூரம் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் மைல் தள்ளித் தீர்ப்புச் சொல்ல உட்கார நீ யார் என்ற அதட்டல். பதிலைவிடக் கேள்விதான் மனதில் நிற்கிறது.

மகாபாரதம் இதே இடத்தில் அதட்டுவதில்லை. நீதிபதியையே கூண்டில் ஏற்றுகிறது. ஆதி பர்வத்தில் மாண்டவ்யர் என்ற முனிவர் மௌன விரதத்தில் இருக்கிறார். திருடர்கள் பொருளை அவர் ஆசிரமத்தில் ஒளித்துவைக்க, அரசன் அவரையும் கழுவேற்றிவிடுகிறான். உயிர் போகவில்லை. பிறகு அரசன் உண்மை தெரிந்து மன்னிப்புக் கேட்டு இறக்கும்போது, கழுமரத்தை உருவ முடியாமல் வெட்டிவிட, ஒரு துண்டு உடம்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதோடு அவர் தர்மதேவனிடம் போய்க் கேட்கிறார்: நான் என்ன செய்தேன்? சிறுவயதில் பூச்சிகளின் வாலில் புல்லைச் செருகினாய், அதன் பலன் இது என்று பதில் வருகிறது. பாருங்கள், பொருத்தம் கச்சிதம்: செருகியவன் செருகப்பட்டான். ஆனால் மாண்டவ்யர் ஒப்புக்கொள்ளவில்லை. சின்னத் தவறுக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று, மனிதனாகப் பிறக்கும்படி தர்மதேவனைச் சபிக்கிறார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். கையோடு ஒரு சட்டமும் போடுகிறார்: 14 வயது வரை செய்வது பாவக் கணக்கில் சேராது. பொருத்தம் மட்டும் நீதியாகிவிடாது, அளவும் வேண்டும், செய்தவனுக்கு விவரம் தெரிந்திருக்கவும் வேண்டும் என்பதை இவ்வளவு துணிச்சலாகச் சொன்ன கதை எனக்குத் தெரிந்து குறைவு.

அதே காவியத்தின் கடைசியில் யுதிஷ்டிரன் சொர்க்கத்துக்குப் போகிறான். அங்கே சிம்மாசனத்தில் ஜொலிப்பது துரியோதனன். தம்பிகள் எங்கே என்று கேட்டவனைத் தேவதூதன் ஒருவன் ரத்தமும் சதையும் சேறாகிக் கிடக்கும் இருட்டு வழியில் கூட்டிப்போகிறான். நாற்றம் தாங்காமல் திரும்பும்போது குரல்கள் கெஞ்சுகின்றன: கொஞ்சம் நில், உன் மேல் பட்ட காற்று வந்தால் எங்களுக்கு இதமாக இருக்கிறது. யார் நீங்கள் என்றால், கர்ணன், பீமன், அர்ஜுனன், திரௌபதி என்று ஒவ்வொரு பெயராக வருகிறது. யுதிஷ்டிரன் தேவர்களையும் தர்மத்தையும் பழித்துவிட்டு, தூதனிடம் சொல்கிறான்: நீ போய் உன்னை அனுப்பியவர்களிடம் சொல், நான் இங்கேயே இருக்கிறேன். உடனே இருட்டு விலகி இந்திரன் வருகிறான். துரோணரை அவர் மகன் விஷயத்தில் பாசாங்கால் ஏமாற்றினாய். அதனால் உனக்கும் பாசாங்காகவே நரகம் காட்டப்பட்டது என்கிறான். அரைப் பொய்க்குப் பொய் நரகம். ஆனால் அந்த விளக்கம் வருவதற்கு முன்பே, அது பொய் என்று தெரியாமலே அவன் அங்கே தங்க முடிவெடுத்துவிட்டான்.

நவீன எழுத்தாளர்கள் நீதிபதியை மெல்ல வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667இல் வந்தது. அதில் சாத்தான் எங்கே பறந்தாலும் நரகம் கூடவே வருகிறது, ஏனென்றால் நரகம் அவன்தான். பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரின் 1944ஆம் ஆண்டு நாடகத்தில் நரகத்துக்கு ஒரு அறையும் மூன்று பேரும் போதும். சித்திரவதை செய்ய ஆள் வைக்காமலே வேலை நடக்கிறது.

ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1918இல் ஒரு சின்னக் கதை எழுதினார், 'சிலந்தி நூல்'. மாண்டவ்யர் கதையை அப்படியே புரட்டிப் போட்டதுபோல இருக்கும். காந்ததா என்ற கொலைகாரத் திருடன் நரகத்தின் ரத்தக் குளத்தில் கிடக்கிறான். வாழ்நாளில் அவன் செய்த ஒரே நல்ல காரியம், காட்டுப் பாதையில் ஒரு சிலந்தியை மிதிக்காமல் விட்டது. அதற்காகப் புத்தர் சொர்க்கத்துத் தாமரைக் குளத்தின் வழியே ஒரு சிலந்தி நூலை இறக்குகிறார். அவன் பிடித்து ஏறுகிறான். பாதி வழியில் கீழே பார்த்தால், எறும்புச் சாரியாக மற்றவர்களும் அதே நூலில் ஏறி வருகிறார்கள். இந்த நூல் என்னுடையது, இறங்குங்கள் என்று கத்துகிறான். அவன் பிடித்திருந்த இடத்திலேயே நூல் அறுகிறது. புத்தர் வருத்தமான முகத்தோடு மறுபடி நடக்கத் தொடங்குகிறார். தாமரைகள் எதையும் கண்டுகொள்ளாமல் அசைகின்றன. சொர்க்கத்தில் அப்போது உச்சிவேளை நெருங்கிக்கொண்டிருக்கிறது.